கூரை போட்ட இடமெல்லாம் வீடு

அறுநூறு சதுர அடியா? கோவிச்சுக்காதீங்க தம்பி, அதுக்குப் பேரு வீடில்ல. எங்கூர்ல ஆட்டுப்பட்டியே அதைவிடப் பெருசாப் போடுவாங்க. அட, நெழலுக்கு வாங்க, இந்தப் போர்டிகோவுல உக்காருங்க, வெயில்ல நின்னுக்கிட்டு மனையைப் பார்த்தா ஒண்ணும் வெளங்காது. மனை நல்ல மனைதான், நான் குத்தம் சொல்லல. கெழக்குப் பார்த்தது, வில்லங்கம் இல்லாதது, அன்னூருக்கும் கோயமுத்தூருக்கும் வாசல்லயே பஸ்ஸு. ஆனா இந்த லே-அவுட்டுல கட்டறதா இருந்தா குறைஞ்சது ஆயிரம் சதுர அடி கட்டணும். அது சட்டம். சர்க்கார் சட்டமான்னு கேக்காதீங்க, சங்கத்துச் சட்டம். சர்க்கார் சட்டத்தை மதிக்காம எத்தனையோ பேரு நிம்மதியாத் தூங்கறாங்க. எங்க சட்டத்தை மதிக்காம தூங்க முடியாது. போர்வெல் தண்ணி எங்க கையில இருக்குதுங்க.

நான் சென்னியப்பன். இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாந்தான் தலைவரு. அதுக்கு முந்தி மில்லுல டைம் ஆபீஸ் பார்த்தேன். சங்கு ஊதிக் கேட்டைச் சாத்தினா சாத்தினதுதான். முதலாளியோட மச்சினனே வெளிய நின்னு கெஞ்சியிருக்கறாரு, நான் தொறக்கல. அப்படி இருந்த ஆளு ரிட்டயராகி இங்க வந்து பார்க்கறேன், அவனவன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கிட்டிருக்கறான். ஒருத்தன் ரோட்டைப் பார்த்துக் கக்கூஸ் கட்டறான். ஒருத்தன் வீட்டுக்குக் கத்திரிப்பூக் கலர் அடிக்கறான். சரி, இவங்களை இப்படியே உட்டா ஆகாதுன்னு நாந்தான் ரூல்ஸ் எழுதினேன். ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு காரணம் இருக்குதுங்க, சும்மா எழுதல.

இப்ப, காத்தாடி வெக்கக் கூடாதுன்னு ஒரு ரூல். அது ஏன்னா, மூணாவது வீதியில வெங்கிடுபதின்னு ஒருத்தரு. உடுமலைப் பக்கம் காத்தாலைக் கம்பெனியில வேலை. அங்க பெரிய காத்தாடியைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து தன்னோட மொட்டை மாடியில குட்டியா ஒண்ணை நட்டுட்டாரு. கரண்டு தானா வருதுன்னு பெருமை. ஆடி பொறந்துச்சு பாருங்க, அது ராத்திரி பூரா நாய் ஊளையிட்டாப்பல கத்துது. பக்கத்து வீட்டுல ஒரு கெழவிக்கு எமன் வந்துட்டான்னே நெனப்பு. எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டாரு. பொறகு சோலாரு. அதுலயும் ஒரு அளவு வேணுமில்லீங்களா? நல்லா டைல்ஸ் ஒட்டி, எலிவேசன் கட்டி, நாலு பேரு கார்ல வந்து பார்க்கற வீட்டுல, முன்னாடி நெத்தியில கருப்புத் தகட்டை வரிசையா வெச்சா, மூஞ்சியில பிளாஸ்திரி ஒட்டினாப்பல இருக்குது. அதனால கூரை மேல ரோட்டுக்குத் தெரியற மாதிரி சோலார் வெக்கக் கூடாதுன்னு எழுதினேன். பின்னாடி வெச்சுக்கட்டும், யாரு வேண்டாங்கறா.

அப்புறம் இந்த ஆயிரம் சதுர அடி. சின்ன வீடு ரெண்டு வந்துட்டா மனை வெலை படுத்துக்கும், அது உங்களுக்கே தெரியும். ஆனா ஆயிரத்தை எப்படி அளக்கறது? அங்கதான் தகராறு. சுவத்துக்கு உள்ள அளக்கணும்னான் ஒருத்தன், வெளிய அளக்கணும்னான் ஒருத்தன், படிக்கட்டு சேருமா, சிட்-அவுட் சேருமான்னு ஆளுக்கு ஒரு கூப்பாடு. நான் ஒரே வரியில முடிச்சேன். 'கூரை போட்ட இடமெல்லாம் வீட்டுப் பரப்பில் சேரும்.' எவ்வளவு தெளிவு பாருங்க. இதுல என் வீட்டுக்காகன்னு ஒண்ணுமில்ல. நம்ம பொருளாளர் குப்புராஜ், பொதுப்பணித் துறையில ஓவர்சீயரா இருந்த ஆளு, அவருதான் எல்லா வீட்டையும் டேப்பு வெச்சு அளந்தாரு. என் வீடு ஆயிரத்து எழுவது. போர்டிகோ இல்லாம தொள்ளாயிரத்து இருவதுதான் வருதுன்னு அவரு அங்கங்க சொல்லிட்டுத் திரியறாருன்னு கேள்வி. போர்டிகோவை எதுக்குங்க கழிக்கணும்? அது வீட்டோட சேர்ந்ததுதானே? வந்தவங்களை நான் எங்க வெச்சுப் பேசறேன், இங்கதானே?

இப்படி எல்லாம் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. அப்பத்தான் எதிர்ல அந்தம்மா வந்து சேர்ந்துச்சு. அதோ பாருங்க, நீங்க பார்க்க வந்த மனைக்கு அடுத்தது. தமயந்தின்னு பேரு. திண்டுக்கல் பக்கம். ஏதோ காலேஜுல பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு வார்டனா இருந்து ரிட்டயர் ஆனது. கண்ணாலம் காட்சி இல்ல, புள்ளை குட்டி இல்ல, ஒண்டி ஆளு. மனையை வாங்கி வேலியைப் போட்டுச்சு. நானும் பரவால்ல, படிச்ச பொம்பளை, மாடி வெச்சுக் கட்டும்னு நெனச்சேன். கடைக்கால் தோண்டறப்பப் போயிப் பார்க்கறேன், ஒரு ஹாலு, ஒரு சமையல்கட்டு, ஒரு படுக்கற ரூமு, முடிஞ்சுது. ஐநூத்தி இருவது சதுர அடி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்னங்கம்மா, வாட்ச்மேன் ரூமை மொதல்ல கட்டறீங்களான்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கல. முப்பது வருசமாப் பத்துக்குப் பத்து ரூமுல இருந்தவளுக்கு இதுவே அதிகம், இதுக்கு மேல கட்டினா கூட்டிப் பெருக்க ஆள் வெக்கணும்னுச்சு.

நான் ரூலைச் சொன்னேன். பஞ்சாயத்துல பிளான் அப்ரூவல் வாங்கியாச்சேன்னுச்சு. பஞ்சாயத்து அப்ரூவல் குடுக்கும், தண்ணி குடுக்காது, தண்ணி நாங்கதான் குடுக்கணும்னேன். மத்தவங்களா இருந்தா அங்கயே அழுதிருப்பாங்க, இல்ல சண்டைக்கு வந்திருப்பாங்க. இந்தம்மா, ரூல்ஸ் ஒரு காப்பி கெடைக்குமான்னு கேட்டுச்சு. சந்தோசமாக் குடுத்தேன். எத்தனை வருசத்துல ஒருத்தராவது கேட்டாங்களா? அங்கயே செங்கல் அடுக்கு மேல உக்காந்து, கண்ணாடியைப் போட்டு, வரி வரியாப் படிச்சுது. ஹாஸ்டல் ரூல்ஸ் எழுதிப் பழகின பொம்பளை, படிக்கற விதத்துலயே தெரிஞ்சுது. நான்தான் சரியா கவனிக்கல.

அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒரு சத்தமும் இல்ல. ஒரு நாளு பார்த்தா வீட்டுக்கு முன்னாடி இரும்புத் தூணு நடறாங்க. ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. சரி, பயந்துக்கிட்டு வீட்டைப் பெருசாக்குதுன்னு நெனச்சு நான் நெஞ்சை நிமுத்திட்டு நடந்தனுங்க. எங்க ஊட்லகூடச் சொன்னேன், பார்த்தியா, சட்டம்னா பயம் இருக்கணும்னு. ஊட்லன்னா எம் பொஞ்சாதி, தெய்வானை. அவ தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. அவ எப்பவுமே ஒண்ணும் பேச மாட்டா.

அப்புறம் ஒரு லாரி வந்துச்சு. தூண் மேல கம்பி கட்டி, கம்பி மேல சோலார் தகடு. இருவது தகடு. சந்துல மழை எறங்காம ரப்பர்ப் பட்டை வெச்சு அடைச்சு, கீழ சிமெண்டுத் தரை போட்டு, நாலு பேனு மாட்டி, ரோட்டைப் பார்த்து, பட்டப்பகல்ல. நான் குப்புராஜைக் கூட்டிக்கிட்டு நேராப் போனேன். ஏம்மா, ரூல்ஸ் படிச்சீங்களே, கூரை மேல ரோட்டுக்குத் தெரியச் சோலார் வெக்கக் கூடாதுன்னு இருக்குதில்லன்னேன்.

"கூரை மேல வைக்கல சார். இதுதான் கூரை."

அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பாவது சிரிச்சுதான்னு கேளுங்க. இல்ல. மெஸ்ஸுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்றாப்பலச் சொல்லுச்சு. அப்புறம் குப்புராஜ் பக்கம் திரும்பி, அளந்துக்குங்க சார்னுச்சு. அந்த மனுசனும் ஒரு வெக்கம் இல்லாம டேப்பை நீட்டி அளந்தாரு. நானூத்தித் தொண்ணூறு. ஐநூத்தி இருவதும் நானூத்தித் தொண்ணூறும் ஆயிரத்துப் பத்து. கூரை போட்ட இடமெல்லாம் வீடு. அந்த வரியை எழுதினது யாரு? நானு. குப்புராஜ் டேப்பைச் சுத்திக்கிட்டே, தலைவரே, உங்க வீட்டு போர்டிகோவுக்குச் சுவரு எத்தனை பக்கம்னு கேட்டாரு. அந்த ஆளுக்குச் சங்கத்துல நான் குடுத்த மரியாதை என்ன, அவரு கேக்கற கேள்வி என்ன. சர்வீஸ்ல இருக்கறப்பப் பாலத்துக்கே சரியா அளவு எடுக்காத ஆளுங்க அவரு.

பாருங்க, கரண்டு போயிருச்சு. இங்க இப்படித்தான், மத்தியானம் ஆனா பிடுங்கிருவான். காத்து வரும், கொஞ்சம் பொறுங்க. அங்க பார்க்காதீங்க தம்பி. ஆமா, அங்க பேனு சுத்தும். பேட்டரி வெச்சிருக்குது. மிச்சக் கரண்டை ஈபிக்கே விக்குதாம். விக்கட்டும். கரண்டை வித்துப் பொழைக்கறதுக்குப் பேரு கௌரவமா?

சொல்லிட்டிருந்தேனே. அளவு சரியா இருந்தாலும் மனசு ஒப்பணுமில்லீங்களா, நான் தண்ணிக் கனெக்சன் குடுக்கல. இல்லேன்னும் சொல்லல, ஆகட்டும் பார்க்கலாம்னு வெச்சிருந்தேன். மில்லுல அது ஒரு வழி. கேட்டைச் சாத்தவே வேண்டாம், தொறக்காம இருந்தாப் போதும். லாரித் தண்ணி எத்தனை நாளைக்கு வாங்கும், தானா வித்துட்டுப் போயிரும்னு ஒரு கணக்கு. அந்தம்மா போகல. எப்படித்தான் சமாளிக்குதுன்னு எனக்கு ஆச்சரியம். பொறகுதான் வெவரம் தெரிஞ்சுது, வீதியில இருக்கற பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கொடம் கொண்டு போயி ஊத்தியிருக்கறாங்க. எங்க ஊட்ல இருந்தும் போயிருக்குது. என் தண்ணி, எனக்குத் தெரியாம, என் வாசப்படி வழியாவே. தெய்வானைகிட்டக் கேட்டா, தாகத்துக்குக் குடுக்கறதுக்கும் ரூலா போட்டிருக்கீங்கன்னா. அதுதான் அவ மொத மொதல்ல எதுத்துப் பேசின பேச்சு. சரி, வெயில் ஜாஸ்தின்னு நானும் உட்டுட்டேன்.

கொடத்தோட போன பொம்பளைங்க கொடத்தை எறக்கி வெச்சுட்டு வந்தாங்களா? வரலீங்களே. நெழலு, காத்து, கூட்டின தரை. உக்காந்துட்டாங்க. மொதல்ல ரெண்டு பேரு, பொறகு ஆறேழு பேரு, இப்ப மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினா வீதியே அங்கதான். அவரைக்கா உரிக்கறவங்க உரிப்பாங்க. பூக் கட்டறவங்க கட்டுவாங்க. பாதிப் பேரு பாயை விரிச்சுப் படுத்துத் தூங்கறாங்க தம்பி. அடுத்தவ வீட்டுல, ரோட்டைப் பார்த்து, கட்டின புருசன் ஆயிரம் சதுர அடிக்கு வீடு கட்டிப் போட்டிருக்கறப்ப. அந்தம்மா வாய்க்கு வாய் பேசி மயக்குதுன்னா அதுவும் இல்ல. அது பாட்டுக்கு உள்ள எதையாவது படிச்சுக்கிட்டிருக்கும். அஞ்சு மணி ஆனா ஒரு மணி அடிக்கும், ஹாஸ்டல் பழக்கம். எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவாங்க. என் சங்குச் சத்தத்துக்கு மில்லுல ஆயிரம் பேரு எந்திரிச்சிருக்கறாங்க, அதை இங்க யாருகிட்டச் சொல்றது.

தெய்வானையும் போக ஆரம்பிச்சா. எனக்குச் சோறு போட்டுட்டு, தட்டைக் கழுவிட்டு, கதவைச் சாத்திட்டுப் போவா. அங்க போயி என்னதான் பேசறாங்க, என்னைப் பத்தி ஏதாவதான்னு எனக்கு ஒரு இது. தங்கச்சி முறையாகற ஒரு புள்ளையை உட்டுப் பார்க்கச் சொன்னேன். அது போயிட்டு வந்து சொல்லுது, அண்ணி ஒண்ணும் பேசறதில்லீங்ண்ணா, ஒரு வேலையும் செய்யறதில்ல, அந்த மூலையில தூணுல சாஞ்சு சும்மா உக்காந்திருக்கறாங்கன்னு. சும்மான்னா? சும்மாதானுங்ண்ணா, காலை நீட்டி, கண்ணைத் தொறந்துக்கிட்டு. எனக்கு அது இன்னும் கோவம். புரளி பேசினாலாவது ஒரு காரணம் இருக்குது. சும்மா உக்கார்றதுக்கு ஒருத்தி ரோட்டைத் தாண்டிப் போவாளா?

இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு பொதுக்குழுவைக் கூட்டினேன். புதுசா ஒரு வரி எழுதினேன். சுவரு இருந்தாத்தான் வீடுன்னு மொதல்ல எழுதினேன், குப்புராஜ் இருமினாரு, எனக்குப் புரிஞ்சுது, அடிச்சுட்டேன். மாத்தி, 'சோலார் தகடு கூரை ஆகாது' அப்படின்னு எழுதினேன். இது பாஸாச்சுன்னா அந்தம்மா வீடு ஐநூத்தி இருவதுதான். தண்ணி நிச்சயமாக் கெடையாது. லாரித் தண்ணியும் உள்ள வரக் கூடாதுன்னு அடுத்த வரி ரெடியா வெச்சிருந்தேன். வித்துட்டுப் போறதைத் தவிர வேற வழியே இல்ல. முப்பது வருசம் சேர்த்த காசை அந்தத் தூணுலயும் தகட்டுலயும் போட்டுருச்சு, மனை வாங்கறவன் அதுக்கு ஒரு ரூபா தர மாட்டான். நான் என்ன பண்றதுங்க, ரூல்ஸ் படிச்ச பொம்பளைதானே.

புள்ளையார் கோயில் முன்னாடி கூட்டம். ஆம்பளைங்க நாற்பது பேரு சேர்ல, பொம்பளைங்க பின்னாடி நின்னாங்க. நான் படிச்சுக் காட்டினேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னேன். தூக்கினாங்க, நெறையவே தூக்கினாங்க. அப்ப பின்னாடி நின்ன அந்தம்மா முன்னாடி வந்து, அதே காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, தலைவர் சார், ஒரு சந்தேகம்னுச்சு. பத்திரத்துல யார் பேரு இருக்கோ அவங்களுக்குத்தான் ஓட்டுன்னு எட்டாவது ரூல்ல இருக்குது, இப்பக் கை தூக்கினவங்க பேருலயா வீடு இருக்குதுன்னு கேட்டுச்சு.

அந்த எட்டாவது ரூலும் நான் எழுதினதுதாங்க. அதுக்கும் காரணம் இருந்துச்சு. ஒருத்தரோட மருமகன், மெட்ராஸ்காரன், லீவுக்கு வந்தவன், தெரு வெளக்கு விசயத்துல என்னையே கேள்வி கேட்டுட்டான். கண்டவன் வந்து பேசறதுக்கு இது சத்திரமான்னு அன்னைக்கே எழுதிட்டேன். ஆனா நம்ம பக்கம் நடைமுறை உங்களுக்குத் தெரியுமில்ல? யாரு தம் பேருல வீடு வாங்கறாங்க? பொம்பளை பேருல லோன் போட்டா வட்டி கொறையும். தொழில் பண்றவன் கடன்காரனுக்குப் பயந்து பொஞ்சாதி பேருல எழுதுவான். அவளுக பேருல எழுதுவோம், ஆனா வீடு நம்முதுதானே? கையெழுத்துப் போட ஒரு நாளு ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறோம், வர்ற வழியில அன்னபூர்ணா ஓட்டல்ல ஒரு காப்பி, அதோட முடிஞ்சுது. அத்தனை வருசமா ஆம்பளைங்கதான் கை தூக்கினோம், ஒருத்தரும் கேக்கல.

சேர்ல இருந்தவங்க சிரிச்சாங்க. பொறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. பொறகு கை ஒண்ணொண்ணா எறங்குச்சு. நான் மட்டும் எறக்கல, மறந்துட்டேன். குப்புராஜ்தான் எம் பக்கம் குனிஞ்சு, தலைவரே, உங்க வீடும் அம்மிணி பேருலதானே இருக்குதுன்னாரு.

ஆமா, அவ பேருலதான். இருந்தா என்னங்க? நான் தெய்வானையை முன்னாடி வரச் சொன்னேன். வந்தா. எனக்கு ஒரு பயமும் இல்ல, சத்தியமாச் சொல்றேன். இந்த நாற்பது வருசத்துல ஒரு நாளும் நான் இழுத்த கோட்டை அவ தாண்டினதில்ல. மறுபடியும் படிச்சேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னேன். பொம்பளைங்க நாலஞ்சு பேரு தூக்கினாங்க. தெய்வானை பொடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. காது கேக்கலயோன்னு நெனச்சு இன்னொரு தடவை சொன்னேன். அப்படியே நின்னா. எதுக்கறவங்கன்னேன். மீதி அத்தனை பேரும் தூக்கினாங்க, அவளும் தூக்கினா. நல்லா ஒசரமா, ரவிக்கைக் கை சுருங்கற அளவுக்குத் தூக்கினா.

எனக்கு அப்ப நெதானம் போச்சுங்க. அது சங்கத்துக் கூட்டம்னு மறந்துட்டேன். உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்னு கேட்டுட்டேன், மைக்கு வேற கையில இருந்துச்சு.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு உக்கார ஒரு எடம் வேணும்."

அவ்வளவுதான் சொன்னா. கத்தல, அழுகல. மைக்குல அவ சத்தம் வரல, ஆனா எல்லாருக்கும் கேட்டுருச்சு. நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன். அடுத்த வாரமே அந்தம்மாவுக்குத் தண்ணிக் கனெக்சன் குடுத்துட்டாங்க. குப்புராஜ் நின்னு குடுத்தாரு. தலைவர் பதவி இன்னும் எனக்குத்தான், அதை யாரும் கேக்கல. இருக்கட்டும்னு உட்டுட்டாங்களோ என்னமோ.

என்ன பேச்சு பாருங்க. உக்கார எடமில்லையாம். ஆயிரத்து எழுவது சதுர அடி வீட்டுல. வெளிய யாராவது கேட்டா எம் பொழப்பு என்ன ஆகறது? அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன், அவ சொன்னது பொய்யின்னு காட்டறதுக்குத்தான். ஹால்ல மூணு சோபா. ஒண்ணு நான் டீவி பார்க்கறப்ப உக்கார்றது. ஒண்ணுல சங்கத்துப் பைலு கெடக்கும். இன்னொண்ணு வர்றவங்களுக்கு. பெட்ரூம்ல கட்டிலு, அது படுக்கறதுக்கு. மத்தியானம் நான் படுப்பேன், அப்ப யாரும் உள்ள வந்தா எனக்குத் தூக்கம் கெட்டுரும். அடுத்த ரூமு பையனோடது. அவன் பூனாவுல இருக்கறான், தீவாளிக்கு வருவான், அதுவரைக்கும் பூட்டித்தானே வெக்கணும்? சமையல்கட்டுல உக்கார்றதுக்கு வேலை இல்ல, அது நின்னுக்கிட்டுச் செய்யறது. அப்புறம் இந்தப் போர்டிகோ. இது ஆபீஸ் மாதிரிங்க, நாலு ஆம்பளைங்க வந்து போற எடம், இங்க பொம்பளைங்க உக்காந்தா நல்லாயிருக்காது. கொல்லையில துணி தொவைக்கற கல்லு இருக்குது. அதுல உக்காந்து அவ தரையைப் பார்த்துக்கிட்டிருந்ததை நான் பார்த்திருக்கறேன். அப்ப எடம் இருக்குதுதானுங்களே? நீங்களே சொல்லுங்க. கல்லுன்னாலும் எடம் எடந்தானே?

நீங்க தலையைக் குனிஞ்சுக்கறீங்க. சரி, ஊருக்குப் புதுசு.

அவ எங்கிட்டப் பேசாமலும் இல்ல. முன்ன மாதிரியேதான். சோறு போடறா, மாத்திரை எடுத்து வெக்கறா, சட்டைக்குப் பொத்தான் தெச்சுத் தர்றா. என்ன ஒண்ணு, சாப்பாடு முடிஞ்சா போயிருவா. அஞ்சு மணிக்கு அங்க மணி அடிச்சா வருவா. அதுவரைக்கும் நான் இங்க உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டிருப்பேன். அந்தக் கருப்புத் தகடு கண்ணைக் கூசுது, இருந்தாலும் அங்கதான் பார்வை போகுது. இங்க இருந்து பார்த்தா அவ காலு மட்டும் தெரியும். எனக்கு வெசனமா இருக்குதுங்க, சொல்றதுக்கு என்ன. வீட்டுல ஆளு இல்லாத சத்தம் ஒரு மாதிரி இருக்குது.

நீங்க கெளம்பறீங்களா? கெளம்புங்க, வெயில் தாழட்டும்னு சொல்லலாம், காப்பித் தண்ணிகூடத் தர முடியல. மனையை வாங்குங்க, வாங்காமப் போங்க, அது உங்க இஷ்டம். அறுநூறு சதுர அடிக்கு நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா நான் ஒத்துக்கறதை இப்ப யாரு கேக்கறா. அந்தம்மாகிட்டக் கேளுங்க, இருக்கற ரூல்ஸ்ல எந்தச் சந்துல பூந்து போகறதுன்னு வழி சொல்லும்.

அப்படிக் கேக்கப் போனீங்கன்னா, ஒரு உபகாரம். மூலையில, தூணுக்குப் பக்கத்துல, பச்சைப் பொடவை கட்டி உக்காந்திருக்கும், அதான் எங்க ஊட்ல. நான் அங்க போக மாட்டேன், நான் போனா நல்லாயிருக்காது. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்தப் பெரம்பு நாற்காலி, இது போன மாசம் நான் அன்னூர்ச் சந்தையில வாங்கினதுங்க. அவளுக்குன்னு வாங்கினேன். வாங்கி இங்க எம் பக்கத்துல போட்டேன், வாயைத் தொறந்து சொல்லல, போட்டாப் புரியாதா? அவ தெனமும் காலையில ஈரத்துணி வெச்சுத் தொடைக்கறா. வர்றவங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டா. வர்றவங்களும் அதுலயே வந்து உக்காந்துக்கறாங்க. நீங்க உக்காந்ததைத் தப்புன்னு சொல்லலைங்க தம்பி.

நீங்க அவகிட்டப் போயி, 'நான் எந்திரிச்சு வந்துட்டேம்மா, நாற்காலி காலியாத்தான் இருக்குது'ன்னு மட்டும் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.